இசைக்கணினியும் நொடிக் கணக்கும்

காலத்தை அளப்பதற்குத் தமிழ் இலக்கணம் கைக்கொண்ட கருவி மிக எளியது. கண் இமைத்தலும் கைவிரல் நொடித்தலும் ஆகிய இயல்பான செயல்களையே தொல்காப்பியம் மாத்திரைக்கு அளவாகக் காட்டுகிறது. பின்வந்த இலக்கணத்தார் அந்த ஒரு நொடியையும் நான்காகப் பகுத்தனர். நொடிக்க வேண்டும் என்று உள்ளம் எண்ணும்போதே கால் மாத்திரை கழிகிறது. விரலோடு விரலைச் சேர்த்து அழுத்தும்போது அரை ஆகிறது. திருகும்போது முக்கால் ஆகிறது. விரல் விடுபட்டு ஒலி பிறக்கும்போதுதான் ஒன்று நிறைகிறது.

இப்பகுப்பை மாணவர்க்குக் கற்பிக்கும்போது நம்மில் பலர் இதனை மனப்பாடச் செய்தியாகக் கருதிக் கடந்துவிடுகிறோம். இதில் ஒரு நுட்பம் உண்டு. கணக்கு எங்கே தொடங்குகிறது? எண்ணத்தில். எங்கே முடிகிறது? ஒலியில். எண்ணிய உள்ளத்திலிருந்து கேட்கும் செவி வரையிலுள்ள தொலைவு முழுவதும் காலக் கணக்கில் அடங்குகிறது.

இக்கணக்கைக் கொண்டு இன்று நம் இல்லங்களிலுள்ள ஒரு பொறியை மதிப்பிடலாம். அஃது இசைக்கணினி. பாடல்களைச் சேமித்து வைத்து ஒலிபெருக்கி வழியே இசைப்பதற்கென்றே ஒதுக்கப்பட்ட சிறு கணினியை இப்பெயரால் குறிக்கிறேன். 2012இல் இங்கிலாந்தில் வெளிவந்த ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியைக் கொண்டு இதனை அமைப்போர் பலர். பழைய மேசைக் கணினியை இப்பணிக்கு மாற்றிக்கொண்டோரும் உளர். பாட்டைத் தேர்ந்தெடுக்கக் கைப்பேசி போதும். கணினிக்குத் திரையும் வேண்டா, விசைப்பலகையும் வேண்டா. இப்பொறி, பொத்தானை அழுத்தியது முதல் பாட்டு எழும் வரை எவ்வளவு காலம் எடுத்துக்கொள்கிறது, அக்காலத்தை எவ்வாறு செலவிடுகிறது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

இல்லத்தில் நிகழ்ந்தது

இஃது ஒரு சிறு பொருள் அன்றோ என எண்ணுவார்க்கு என் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சான்றாகக் கூறுவேன். இசைக்கணினி ஒன்றை நானே அமைத்து, மரப்பெட்டியில் வைத்து, கூடத்தில் நிறுத்தினேன். பெட்டியின் அழகு கெடாதிருக்கப் பலகையிலிருந்த சிறு விளக்குகளையும் உள்ளே மறைத்துவிட்டேன். மாலையில் விளக்கேற்றிய பின் தேவாரம் கேட்பது என் அன்னையாரின் வழக்கம். பொத்தானை அழுத்தினால் முதல்நாள் நின்ற இடத்திலிருந்து பாட்டு தொடருமாறு செய்து கொடுத்திருந்தேன்.

ஒருநாள் புதிய பாடல்களைப் படியெடுப்பதற்காக ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிப் பள்ளிக்கு எடுத்துச் சென்றேன். அன்று மாலை அன்னையார் பொத்தானை அழுத்தினார். பாட்டு இல்லை. காத்திருந்தார். மீண்டும் அழுத்தினார். மின்செருகியைப் பிடுங்கி மறுபடியும் செருகினார். பெட்டி வாய்திறக்கவில்லை. இரவு நான் வீடு திரும்பியதும் அவர் கூறிய முதற்சொல், “நான்தான் எதையோ கெடுத்துவிட்டேன், தம்பி” என்பது.

அவர் எதையும் கெடுக்கவில்லை. ஹார்டு டிஸ்க்கை எதிர்நோக்கிக் கணினி 90 நொடி காத்திருந்தது. அது வாராமையால் எல்லாப் பணிகளையும் நிறுத்திவிட்டு, பழுது நீக்குவோர்க்கென வைக்கப்பட்ட அவசர நிலைக்குள் புகுந்தது. அந்நிலையில் ஓர் எச்சரிக்கைச் செய்தியையும் எழுதியது. ஆனால் எங்கே எழுதியது? திரையில், இல்லாத திரையில்! அன்று முதல் அன்னையார் அப்பெட்டியைத் தொடுவதை விட்டார். தாமே பாட்டு வைத்துக் கேட்டவர், பிறர் வைத்தால் மட்டும் கேட்பவர் ஆனார். அன்று இழக்கப்பட்டது சில நிமிடம் அன்று. முதியவர் ஒருவர் தம் கையின்மீது வைத்திருந்த நம்பிக்கை.

இந்நிகழ்ச்சிக்குப் பிறகே இப்பொருளை ஆராயலானேன். ஆராய்ந்து கண்ட முடிவை முதலிலேயே கூறிவிடுகிறேன். இசைக்கணினியின் குற்றம் அது தாமதிப்பது அன்று. தாமதத்தைத் தவறாக அளப்பதும், வேண்டாத ஒன்றுக்காக வேண்டியதை நிறுத்தி வைப்பதும், காத்திருப்பவர்க்கு ஒரு குறிப்பும் காட்டாதிருப்பதும் ஆகிய மூன்றுமே அதன் குற்றங்கள்.

அளவையில் உள்ள குறை

முதற்குற்றம் அளவை பற்றியது. இத்தகைய கணினிகளில் பெரும்பாலானவை லினக்ஸ் என்னும் இயங்குதளத்தைக் கொண்டவை. அதில் பணிகளை எழுப்பும் பொறுப்பை 2010இல் தோன்றிய சிஸ்டம்டி என்னும் நிரல் பல இடங்களில் ஏற்றுள்ளது. தொடங்குவதற்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்று கேட்டால் அந்நிரலே கணக்குச் சொல்லும். அக்கணக்கை நம்பித் தம் கணினி விரைவானது என்று மகிழ்வோர் உண்டு.

ஆனால் அக்கணக்கின் இரு முனைகளும் குறைந்தவை. ராஸ்பெரி பை போன்ற பலகைகளில், கெர்னல் எனப்படும் கருநிரல் எழுந்தது முதற்கொண்டே எண்ணுகிறது. அதற்கு முன், பலகையிலுள்ள சிறு நிரல் விழித்து, மெமரி கார்டைத் தேடி, கருநிரலை எடுத்து வந்த காலம் கணக்கில் இல்லை. முடிவிலும் அவ்வாறே. பணிகள் எழுந்தன என்றதும் எண்ணிக்கை நின்றுவிடுகிறது. அதன்பின் கைப்பேசி பெட்டியைக் கண்டுபிடிப்பதும், பாடல் பட்டியல் வருவதும், ஒலி எழுவதும் கணக்கிற்குப் புறம்பானவை.

விரலை ஊன்றியது முதல் முறுக்கியது வரை எண்ணிவிட்டு, இதுவே ஒரு மாத்திரை என்று ஒரு மாணவன் கூறினால் நாம் ஏற்போமா? ஏற்கமாட்டோம். இப்பொறியிடமும் அதே கண்டிப்பு வேண்டும். கேட்போனுக்குரிய கணக்கு, கை பொத்தானைத் தொட்டது முதல் முதற்சுரம் செவியில் விழுந்தது வரை. வேறு கணக்கு எதுவாயினும் அது செய்வோனுடைய கணக்கே.

அதே நிரலில் இன்னொரு பட்டியலும் உண்டு. எந்தப் பணி எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது என்று அது வரிசைப்படுத்தும். பழி எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லையே அதற்குப் பெயராக வைத்திருக்கின்றனர். பெயருக்கேற்ப அது சில வேளை வீண்பழியும் சுமத்துகிறது. ஒரு பணி தாமதமாவது தன் சோம்பலாலும் ஆகலாம். மற்றொன்றுக்காகக் காத்திருந்தமையாலும் ஆகலாம். பட்டியல் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை. உண்மைக் காரணத்தை அறிய, எது எதற்காகக் காத்திருந்தது என்னும் தொடரை ஆராய வேண்டும். அதனைக் காட்டும் கட்டளையும் அந்நிரலில் தனியே உள்ளது.

முறைவைப்பில் உள்ள குறை

தொடர் என்றதும் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை நினைவுக்கு வருகிறது. மாதவியின் அரங்கில் கருவிகள் இசைத்த முறையை இளங்கோவடிகள் ஒழுங்காக அமைத்துக் காட்டுகிறார். குழலைத் தொடர்ந்து யாழ், யாழைத் தொடர்ந்து தண்ணுமை, தண்ணுமையைத் தொடர்ந்து முழவு, முழவோடு கூடி ஆமந்திரிகை. ஒவ்வொன்றும் தனக்கு முன்னுள்ளதைச் சார்ந்து நிற்கிறது. எனினும் அச்சார்பு இசையால் வந்த சார்பு. யாழ் குழலைத் தொடர்வதற்குக் காரணம் உண்டு. வாயிற்காவலன் வந்துவிட்டானா என்று பார்த்த பின்னரே குழல் ஊதப்படும் என்று அடிகள் எங்கும் கூறவில்லை.

இசைக்கணினியிலோ அத்தகைய சார்புகள் மலிந்துள்ளன. சிலவற்றை எடுத்துக்காட்டுவேன்.

மேசைக் கணினியை இசைக்கணினியாக மாற்றியவர் வீட்டில், எந்த இயங்குதளத்தைத் தொடங்குவது என்று கேட்டு கிரப் என்னும் தொடக்க நிரல் ஐந்து நொடி காத்திருக்கும். பொதுவாக அதில் முன்பே அமைக்கப்பட்டிருக்கும் அளவு அது. இருப்பது ஒரே இயங்குதளம். கேள்வியைக் காண்பதற்குத் திரை இல்லை. விடையளிப்பதற்கு விசைப்பலகை இல்லை. ஆயினும் நாள்தோறும் அக்கேள்வி கேட்கப்படுகிறது, விடைக்காக ஐந்து நொடி காக்கப்படுகிறது.

அடுத்தது வலைத்தொடர்பு. ரவுட்டர் முகவரி தரும் வரை காத்திருப்பதற்கென்றே சிஸ்டம்டியில் ஒரு பணி உண்டு. தொடர்பு வாராவிடில், மாற்றி அமைக்காத நிலையில், அது 120 நொடி வரை காத்திருக்கும். இணைய வானொலி கேட்பார்க்கு வலைத்தொடர்பு வேண்டும், ஐயமில்லை. பெட்டிக்குள்ளேயே உள்ள பாட்டைக் கேட்பவர் ஏன் ரவுட்டருக்காகக் காத்திருக்க வேண்டும்?

மூன்றாவது கடிகாரம். 2023இல் வந்த ஐந்தாம் ராஸ்பெரி பைக்கு முற்பட்ட பலகைகளில், மின்சாரம் நின்றபோதும் நேரத்தைக் காக்கும் கடிகாரம் இல்லை. ஒவ்வொரு முறையும் இணையத்தைக் கேட்டே அது நேரம் அறிய வேண்டும். நேரம் தவறாக இருப்பின், பாதுகாப்புச் சான்றிதழ்களைச் செல்லாதன எனத் தள்ளிவிடும். பல இணைய வானொலிகள் திறவா. இங்கே தாமதத்திற்குத் தக்க காரணம் உண்டு. ஆனால் மெமரி கார்டிலுள்ள தேவாரப் பாட்டுக்கு இன்று எந்நாள், என்ன மணி என்பது தெரிய வேண்டியதில்லை.

நான்காவது ஹார்டு டிஸ்க். அதன் தட்டு சுழன்று வேகம் கொள்ளவே சில நொடி ஆகும். அஃது இல்லாவிடில் நிகழ்வதை முன்னரே கூறினேன். அதற்கு மாற்று உண்டு என்பதையும் கூற வேண்டும். இந்தத் தட்டு இல்லாவிட்டாலும் மேலே செல்க என்னும் பொருளில் நோஃபெயில் என்ற ஒரு சொல்லை உரிய வரியில் சேர்த்தால் போதும். கணினி அவசர நிலைக்குச் செல்லாது. முதன்முதலாக ஒரு பாட்டு கேட்கப்படும்போது மட்டும் அத்தட்டை இணைக்குமாறும் கட்டளையிடலாம். ஒரு சொல்லின் குறையால் ஒரு மாலைப் பொழுது கெட்டது. அச்சொல்லை எழுதாது விட்டவன் நானே. ஆதலின் இக்குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

சிஸ்டம்டியை முற்றும் குறைகூறுவதும் முறையன்று. அதற்கு முன்னிருந்த முறையில் பணிகள் ஒன்றன்பின் ஒன்றாகவே எழுப்பப்பட்டன. ஒரு கறி வெந்து இறக்கிய பின்னரே அடுத்த கறிக்கு அடுப்பு மூட்டுவது போன்றது அது. புதிய முறையோ பல அடுப்புகளை ஒரே வேளையில் மூட்டுகிறது. அதனினும் சிறந்த செயல் ஒன்றையும் செய்கிறது. பணியாளர் எழுவதற்கு முன்பே அவர்களுக்குரிய வாயில்களைத் திறந்து வைக்கிறது. கேட்க வருவோர் திரும்பிப் போகாமல் அங்கே நிற்கலாம். உணவு வரும் முன்பே இலை போட்டு விருந்தினரை அமர்த்துவது போன்றது இது. கருவி நல்ல கருவியே. எதை முதலில் எழுப்புவது என்று தீர்மானிக்கும் மனிதனிடத்தில்தான் குறை.

பழைமை போற்றுவார் கூற்று

முற்காலத்துக் கணினிகள் அழுத்தியவுடன் எழுந்தன என்று பழைமை போற்றுவார் கூறுவர். இக்கூற்றில் பாதி உண்மை. 1984இல் யமாஹா நிறுவனத்தார் இசைக்கணினி என்ற பெயராலேயே விற்ற சி.எக்ஸ்.5எம் என்னும் பொறிக்குரிய நிரல்கள் அழியா நினைவகத்தில் பதிக்கப்பட்டிருந்தன. எங்கிருந்தும் ஏற்ற வேண்டியதில்லை. 1982இல் வந்த கமடோர் 64 இசைக்கும் ஒலிச்சில்லால் புகழ்பெற்றது. அதுவும் சில நொடியில் ஆயத்தம் என்று அறிவித்தது. ஆனால் எதற்கு ஆயத்தம்? கட்டளை பெறுவதற்கே. அதன் வட்டு இயக்கி நொடிக்கு ஏறத்தாழ 400 பைட்டு வேகத்தில்தான் படித்தது. 40,000 பைட்டு கொண்ட இசைநிரலை ஏற்ற 100 நொடி வேண்டும். எழுந்தது விரைவு; இசைத்தது தாமதம். மாத்திரைக் கணக்கை முழுமையாக எண்ணினால் பழைமையின் பெருமை பாதியாகக் குறைகிறது.

சிங்கப்பூரில் வாழ்ந்த மூத்தோர் வேறொன்றை நினைவுகூர்வர். 1949இல் இங்குத் தொடங்கிய ரீடிஃபியூஷன் என்னும் கம்பி வானொலிப் பெட்டி, குமிழைத் திருப்பிய அக்கணமே பேசியது. காரணம் யாது? வீட்டிலிருந்த பெட்டி பெரும்பாலும் ஓர் ஒலிபெருக்கியே. உழைப்பெல்லாம் நிலையத்தில் ஓயாது நடந்துகொண்டிருந்தது. எங்கோ ஒருவர் விழித்திருந்தமையால் நாம் காத்திருக்க நேரவில்லை.

இவ்வுண்மையை இக்காலத்திலும் பயன்படுத்தினர். 2001இல் தோன்றி ஸ்குவீஸ்பாக்ஸ் எனப் பின்னர்ப் பெயர் பெற்ற கருவி வரிசையில், பாடல்களைக் காக்கும் நிரல் ஓரிடத்தில் எப்போதும் விழித்திருக்க, இசைக்கும் பெட்டி மிகச் சிறிய வேலையையே செய்தது. அக்கருவிகளின் உற்பத்தி 2012இல் நின்றது. அந்நிரல் மட்டும் அன்பர்களின் உழைப்பால் வாழ்ந்து, 2024 முதல் லிரியன் என்னும் பெயரைத் தாங்குகிறது.

அப்படியாயின் கணினியை அணைக்காமலே விட்டுவிடலாமே எனின், கணக்கிட்டுப் பார்ப்போம். 3 வாட் மின்சாரம் கொள்ளும் சிறு பலகை ஆண்டு முழுதும் எரிந்தால் ஏறத்தாழ 26 யூனிட் ஆகும். 40 வாட் கொள்ளும் மேசைக் கணினி எரிந்தால் 350 யூனிட் ஆகும். முன்னதைப் பொறுக்கலாம். பின்னதை, சில நொடிகளை மிச்சப்படுத்துவதற்காக ஆண்டு முழுதும் எரியவிடுவது அறிவுடைமை ஆகாது.

பொறுமை கூறுவார் கூற்று

இனி மற்றொரு சாரார், இசைக்குப் பொறுமை வேண்டும் என்பர். கச்சேரியில் சுருதி சேர்க்கும் வரை நாம் காத்திருக்கவில்லையா? கிராமபோனுக்குச் சாவி கொடுத்து, தட்டைத் துடைத்து, ஊசியை மாற்றி, அதன் பின்னன்றோ பாட்டுக் கேட்டோம் என்று வினவுவர்.

வினா நன்று. விடை, காத்திருப்பு இருவகைப்படும் என்பது. கிராமபோனில் காத்திருந்தவன் தானே உழைத்துக்கொண்டிருந்தான். அவன் கை அறிந்த காலம் அது. சுருதி சேர்க்கும்போது தம்புராவின் ஒலி நம் செவியில் விழுகிறது; விலகி நின்ற நரம்பு நெருங்கி வருவதை நாம் அறிகிறோம். ஆகவே அக்காத்திருப்பு இசையின் ஒரு பகுதியே. வால்வு வானொலியும் சூடேறிப் பேசுவதற்கு அரை நிமிடம் வரை எடுத்துக்கொண்டது. ஆனால் குமிழைத் திருப்பிய உடனே அதன் முகத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ‘கேட்டேன், வருகிறேன்’ என்று அது சொன்னது. அதனைக் கெட்டுப்போயிற்று என்று எண்ணிச் செருகியைப் பிடுங்கியவர் யார்?

என் மரப்பெட்டியோ ஒளியும் காட்டவில்லை, ஒலியும் காட்டவில்லை. முன்னதை அறியும் காத்திருப்பு என்றும் பின்னதை அறியாக் காத்திருப்பு என்றும் கூறலாம். அறியாக் காத்திருப்பில் பத்து நொடியும் நீண்டது. அங்கே பொறுமையை வேண்டுவது, குற்றம் செய்தவன் துன்புற்றவனுக்கு அறிவுரை கூறுவதை ஒக்கும்.

அறியாக் காத்திருப்பால் வேறு கேடும் உண்டு. குறிப்புக் காணாதவர் செருகியைப் பிடுங்குவர். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் மெமரி கார்டிலுள்ள கோப்புகள் சிதையலாம். பின் பெட்டி எழாமலே போகலாம். பைகோர்பிளேயர் என்னும் இசைநிரல் தன்னை முழுவதும் தற்காலிக நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு இயங்குவதால் இவ்விடரை நன்கு தாங்குகிறது. மனிதர் செருகியைப் பிடுங்குவர் என்பதை முன்னரே உணர்ந்து செய்த அமைப்பு அது.

வகுப்பறையிலும் இது பொருந்தும். அரைமணிப் பாடவேளையில் ஒரு பாட்டைக் கேட்பிக்க எண்ணிப் பெட்டியை இயக்கி, அஃது இரண்டு நிமிடம் வாளாவிருந்தால், பதினைந்தில் ஒரு பங்கு போயிற்று. அதனோடு மாணவரின் ஆவலும் போயிற்று. அடுத்த வாரம் ஆசிரியர் அப்பெட்டியை எடுத்துவரமாட்டார்.

செய்யத்தக்கன

இசைக்கணினியை அமைப்போரும் வாங்குவோரும் மூன்றை நோக்குக. கை தொட்டது முதல் செவி கேட்டது வரை அளந்து காண்க; தொடங்கிற்று என்று பொறி தானே கூறுவதை ஏற்கற்க. ஒலிக்கு வேண்டியவற்றை முதலில் எழுப்புக. வலைத்தொடர்பும் பாடல் பட்டியலைப் புதுப்பித்தலும் பின்னர் வருக. வாராத பொருளுக்காகப் பாட்டை நிறுத்தற்க. பொத்தானை அழுத்திய உடனே ஓர் ஒளியேனும் ஒலியேனும் தோன்றச் செய்க. தவறு நேர்ந்தால் அதனையும் அவ்வழியே அறிவிக்கச் செய்க.

என் பெட்டியைத் திறந்து இம்மூன்றையும் செய்தேன். முகப்பில் துளையிட்டு ஒரு சிறு விளக்கை வெளியே கொணர்ந்தேன். ஒலிக்கருவி விழித்ததும் மெமரி கார்டிலுள்ள தம்புராச் சுருதி ஒலிக்குமாறும், ஹார்டு டிஸ்க் ஆயத்தமானபின் பாட்டு தொடருமாறும் அமைத்தேன். பாட்டு எழுவதற்கு ஆகும் காலம் பெரிதும் குறைந்துவிடவில்லை. ஆயினும் அன்னையார் இப்போது விளக்கேற்றிவிட்டுத் தாமே பொத்தானை அழுத்துகிறார். சுருதி கேட்டதும் வந்து அமர்கிறார். ஒருநாள் சுருதி நின்ற பின்னும் பாட்டு எழவில்லை. அப்போது அவர் சொன்னது, “பெட்டியில் ஏதோ கோளாறு, தம்பி, வந்து பார்” என்பது. முன்பு தம்மீது போட்டுக்கொண்ட பழியை அவர் இப்போது பெட்டியின்மீது போட்டார். அஃது இருக்க வேண்டிய இடமும் அதுவே.